கையெழுத்து வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பெண்களின் கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்ப்பவள். விழுப்புரம் பக்கம், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் எங்கள் கடை இருக்கிறது. ஒரு சென்ட் மனை கைமாறினாலும் நான்கு எல்லையையும் வாசித்துக் காட்டுவோம். வடக்கே யார் நிலம், கிழக்கே எந்தப் பாதை, கிணற்றில் எத்தனை பங்கு, எது போகிறது, எது மிஞ்சுகிறது என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும்படி சொல்லி, "சரிதானே ஆயா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் பெருவிரலில் மை தடவுவோம்.

2016-ஆம் வருடம் ஆடி மாதத்தில் என் உடம்பைப் பற்றிய ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். அதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அப்போது எனக்கு 27 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். வீட்டுக்கு வருகிறவர்கள் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கியிருந்த நேரம். வெள்ளைப்படுதலும், கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தக் கசிவும் இருந்தன. கூச்சத்தில் ஏழெட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அது என் தவறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், நிலை 2பி என்றார்கள். அறுவை சிகிச்சைக் கட்டம் தாண்டிவிட்டது, கரண்ட் வைக்க வேண்டும், வாரம் ஒரு கீமோ ஊசியும் போட வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம்.

முதல் நாள் ஓபியில் டாக்டர் கேட்டார்: "எத்தனை குழந்தை?" என் கணவர் பதில் சொன்னார்: "இன்னும் இல்ல சார்." டாக்டர் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மூன்று வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காக அந்தக் கேஸ் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்தபோதுதான் அவர் எழுதிய சொல்லைப் பார்த்தேன். 'நல்லிபாரா.' பிள்ளை பெறாதவள் என்று பொருளாம். நோயின் அளவு, ரத்தப் பிரிவு, உடல் எடை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியிலேயே அது இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை என்பது அந்த மருத்துவமனைக்கு முதல் நாளே தெரியும். எழுதியும் வைத்தார்கள். அதற்கு அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

அந்த அடுத்த கேள்விக்காகத்தான் இந்த மடல்.

மருத்துவமனை எது என்று சொல்லப்போவதில்லை. என்னை உயிரோடு அனுப்பியவர்கள் அவர்கள். ஒரு டாக்டர் காலையிலிருந்து மதியம் வரை எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று மரப் பெஞ்சில் உட்கார்ந்து நானே எண்ணியிருக்கிறேன். எழுபதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்தினேன். அவர் சாப்பிடப் போனதை நான் பார்க்கவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனாலும் கேட்காமல் விட்டது விட்டதுதான்.

கரண்ட் வைப்பதற்கு முன் அடிவயிற்றில் ஊதா மையால் கோடு போடுவார்கள், தெரியும் உங்களுக்கு. முன்னால் ஒரு கட்டம், இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. "கோடு அழியாம பாத்துக்கம்மா, சோப்பு போடாத" என்று அந்த டெக்னீஷியன் தம்பி தினமும் சொல்லுவான். அரை மணி நேரத்துக்கு முன் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். பை நிறைந்திருந்தால் குடலுக்கு அடி குறையும் என்று அவனே விளக்கினான். வயிற்றுப்போக்கு வந்தால் என்ன சாப்பிட வேண்டும் என்று நர்ஸக்கா தாளில் எழுதிக் கொடுத்தார். கோட்டைக் காப்பாற்றச் சொன்னார்கள், குடலைக் காப்பாற்ற வழி சொன்னார்கள். அந்தக் கட்டத்துக்குள் என் இரண்டு சினைப்பையும் கிடந்தன என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கதிர்வீச்சைக் கிரே என்ற அளவில் கணக்கிடுவார்கள். சினைப்பையில் இருக்கும் கருமுட்டைகளில் பாதியை அழிக்க 2 கிரேகூடத் தேவையில்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு வைத்தது நாளுக்கு 1.8 கிரே வீதம் 25 நாள். அதற்கு மேல் உள் கதிர்வீச்சு.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பினேன். உடம்பு தேறினால் மாதவிலக்கு திரும்பும், அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பார்க்கலாம் என்று நானும் மாமியாரும் பேசிக்கொண்டோம். மாதக் கடைசியில் பலசரக்கோடு சேர்த்து ஒரு நாப்கின் பாக்கெட்டும் வாங்குவேன். எந்த நாளும் வந்துவிடலாம் அல்லவா? பீரோவின் அடித்தட்டில் பிரிக்காத பாக்கெட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை தீப்பிடித்தது போல் எரியும், ஜாக்கெட் நனைந்துவிடும். கீமோவின் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன்.

பத்தாவது மாதம், ஊரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அந்த லேடி டாக்டர் திரையைப் பார்த்தார், என் பழைய தாள்களைப் புரட்டினார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, ஒனக்கு ரேடியேஷன் குடுத்திருக்காங்களே. இனிமே பீரியட்ஸ் வராதுன்னு யாரும் சொல்லலையா?"

வயிற்றில் தடவிய ஜெல் காய்வதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மாமியார் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

டாக்டர்களே, உங்களில் பலர் இந்த இடத்தில் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். 'உயிர் பிழைத்ததே பெரிது. முதலில் உயிர், பிறகுதான் மற்றதெல்லாம்.' என் அப்பாவும் இதைத்தான் சொன்னார். உண்மையும்கூட. என்னைக் கேட்டிருந்தால் நானும் உயிரைத்தான் கேட்டிருப்பேன். 2பி நிலையில் என் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதையும் இன்று விளங்கிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு கதிர்வீச்சு பட்ட கர்ப்பப்பை ஒரு கருவைப் பத்து மாதம் தாங்காது. எந்தப் பேச்சும் அதை மாற்றியிருக்காது.

ஆனால் சினைப்பை வேறு. கருமுட்டை மிஞ்சினால், என் பிள்ளையை இன்னொரு பெண் வாடகைத்தாயாகச் சுமக்க வழி உண்டு. கரண்ட் தொடங்கும் முன் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு, சினைப்பைகளைக் கதிர் படாத உயரத்துக்குத் தூக்கித் தைத்துவைக்கும் முறை பல காலமாக இருக்கிறது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை, ஆனால் என் வயதில் முயன்று பார்த்திருக்கலாம். கருமுட்டைகளை முன்கூட்டியே எடுத்து உறைய வைக்கலாம். மாதவிலக்கு நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முட்டை வளர்வதற்கான ஊசியை எந்த நாளிலும் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். கர்ப்பப்பை வாயில் கட்டி இருக்கும்போது முட்டை எடுக்க வழக்கம் போல் பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தினால் ரத்தம் கொட்டும் அபாயம் உண்டு, அதனால் வயிற்றின் வழியே எடுப்பார்கள். அதில் சிரமம் உண்டு, செலவு உண்டு, எல்லா இடத்திலும் செய்ய ஆள் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன்.

நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கரண்ட் மெஷினில் என் முறை வருவதற்காக 19 நாள் காத்திருந்தேன். அந்த 19 நாளும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எல்லோர் கதையும் என் கதை போல இல்லை. அதே மரப் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பத்தொன்பது வயசுப் பெண் உட்காருவாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சினைப்பையில் கட்டி, முட்டைச் செல்லிலிருந்து கிளம்பும் வகை, இளம்பெண்களுக்கு வருவது. அவளுக்கு அறுவை செய்தவர் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபக்கத்தையும் கர்ப்பப்பையையும் தொடாமல் விட்டார். அவள் அப்பாவையும் அவளையும் உட்கார வைத்து, ஒரு தாளில் படம் வரைந்து, "இதை எடுக்கிறேன், இதை விட்டுடறேன், கீமோ முடிஞ்சு தீட்டு வந்துடும்" என்று சொன்னாராம். அந்தப் படத்தை அவள் பர்ஸில் மடித்து வைத்திருந்தாள். எனக்கும் காட்டினாள். பால்பாயின்ட் பேனாவில் வரைந்த கொம்பு முளைத்த மாட்டுத்தலை மாதிரி இருந்தது. மூன்று வகை மருந்து சேர்ந்த கீமோவை முடித்துக்கொண்டு போனாள். சில வருடம் கழித்து ஒரு நாள் ராத்திரி போன் வந்தது. "அக்கா, முழுகாம இருக்கேன்."

அவள் டாக்டருக்கு அந்தப் படம் வரைய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிடம் இருக்குமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் எல்லா நிலையிலும் கதவு அடைபடுவதில்லை. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே தெரிந்துவிட்டால், வாய்ப்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைப் பிறப்புறுப்போடு சேர்த்துத் தைத்துவைக்கும் அறுவை இருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகரில் டேனியல் டார்ஜன் என்ற மருத்துவர் தொடங்கி, 1994-இல் உலகுக்கு அறிவித்த முறை. அப்படிப்பட்ட பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். குறைமாதப் பிரசவம் மற்றவர்களைவிட அதிகம், சிசேரியன்தான் செய்தாக வேண்டும், ஆனாலும் பெறுகிறார்கள். இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாக உலக மதிப்பீடு சொல்கிறது. நம்மிடம் வரும்போதே முற்றி வருகிறார்கள் என்று நீங்கள் வருந்துவது நியாயம். அரசுப் பரிசோதனையே 30 வயதில்தான் தொடங்குகிறது. எனக்கு 27.

கர்ப்பப்பை உள்சுவரில் வருகிற புற்றுநோய், வீரியம் குறைந்ததாக, சுவரைத் தாண்டாததாக இருந்தால், ஹார்மோன் மாத்திரையோ உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனமோ கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திசு எடுத்துப் பார்த்து, நோய் அடங்கியதும் பிள்ளைக்கு முயலச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிட அறிவுறுத்துகிறார்கள். நீர்க்கட்டிப் பிரச்சினையும் உடல் பருமனும் உள்ள இளம்பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வழி உண்டு என்று சொல்லப்படுகிறது?

முத்துப்பிள்ளை விஷயம் இன்னும் வேதனை. கர்ப்பம் என்று நம்பி, கடைசியில் உள்ளே பிள்ளை இல்லாமல் திராட்சைக் கொத்து போல் வளர்ந்து, அதில் சிலருக்குப் புற்றாகவும் மாறுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் என்கிற மருந்தால் 1956-லேயே அமெரிக்காவில் குணப்படுத்திக் காட்டிய நோய் இது. நோய் பரவிய நிலையிலும் குணமாகி, கர்ப்பப்பையோடு வீடு திரும்பிப் பிள்ளை பெறுகிற பெண்கள் ஏராளம். கீமோ முடிந்து ஒரு வருடம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்; ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் ஏறினால் அது பிள்ளையா நோயா என்று பிரித்தறிய முடியாது என்பதே காரணம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு 'ஒரு வருஷம் பிள்ளை வேண்டாம்' என்று சொன்னது, வீடு வந்து சேர்வதற்குள் 'இனிமேல் பிள்ளையே ஆகாது' என்று மாறிவிட்டது. காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் சொன்னால் இப்படித்தான் ஆகும். அவள் கணவன் வீட்டார் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். என் கணவர் என்னோடு இருக்கிறார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்ட வாசகம் படிப்பது எனக்குத் தொழில், அதனால் வாடகைத்தாய் சட்டத்தை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். 2021-இல் வந்த சட்டம். வாடகை வாங்குவதையே அது தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவும் விதிகளில் சொன்ன பிற செலவும் காப்பீடும் மட்டும்தான் தரலாம். புற்றுநோயால் கர்ப்பப்பையை எடுத்தவர்களை 2022 விதிகள் பெயர் சொல்லியே அனுமதிக்கின்றன. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. யாரோ ஒருவர் எங்களை நினைத்திருக்கிறார். பிறகு 2023 மார்ச்சில் ஒரு திருத்தம், தானமாகப் பெற்ற கருமுட்டை கூடாது என்றது. 2024 பிப்ரவரியில் அதைத் தளர்த்தி, மாவட்ட மருத்துவக் குழு சான்று தந்தால் தம்பதியில் ஒருவருடைய முட்டையோ விந்தோ இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் கணவனை இழந்தவளும் மணமுறிவு பெற்றவளும் 35 முதல் 45 வயதுக்குள் வர வேண்டும், கருமுட்டை அவளுடையதாகவே இருக்க வேண்டும். கல்யாணமே ஆகாதவளுக்கு இடமே இல்லை.

இந்தச் சட்டம் சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. அதன் விளைவை மட்டும் பாருங்கள். நோய் வந்ததால் கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண் நாளைக்கு வாடகைத்தாய் மூலம் ஒரு பிள்ளைக்குத் தாயாக வேண்டுமானால், சிகிச்சைக்கு முன் எடுத்து உறைய வைத்த அவளுடைய சொந்தக் கருமுட்டை இருந்தால்தான் உண்டு. அதை எடுத்து வைக்கும் வாய்ப்பு உங்கள் ஓபியில், அந்த முதல் வாரத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாரம் போனால் எந்த நீதிமன்றமும் அதைத் திருப்பித் தர முடியாது.

அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2006-லேயே, பிள்ளைப்பேறு வயதில் இருப்பவர்களிடம் சிகிச்சைக்கு முன் இதைப் பேச வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் கையெழுத்துப் போட்டது அதற்குப் பத்து வருடம் கழித்து.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒரு பெண்ணிடம், ஒப்புதல் படிவம் நீட்டும் முன், "இனிமே குழந்தை வேணும்னு எண்ணம் இருக்காம்மா?" என்று கேளுங்கள். அவளிடம் கேளுங்கள். கணவரிடமோ மாமியாரிடமோ கேட்க வேண்டாம். அவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். கூட்டத்தின் முன் கேட்டால் "உயிர் பொழச்சாப் போதும்" என்றுதான் அவள் சொல்லுவாள், வேறு எதைச் சொல்ல முடியும்? கல்யாணமாகாத பெண்ணிடமும் கேளுங்கள். இரண்டு பிள்ளை இருப்பவளிடமும் கேளுங்கள். போதும் என்பது நீங்கள் முடிவு செய்வதில்லை. அவளுக்கு எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்று சொல்லுங்கள். ஒன்றுமே சாத்தியமில்லை என்றாலும் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம். பத்து மாதம் கழித்து ஸ்கேன் மேஜையில் தெரிந்துகொள்வதைத்தான் தாங்க முடியாது.

வழி இருந்தால் அந்த வாரத்திலேயே கருத்தரிப்பு மருத்துவரிடம் ஒரு போன் செய்து அனுப்புங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலேயே இப்போது செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்துவிட்டது. அதற்கும் உங்கள் ஓபிக்கும் நடுவே ஒரு பாதை போடச் சொல்லி நீங்கள் கேட்டால் அரசு கேட்கும், நான் கேட்டால் கேட்காது. கீமோவும் கரண்டும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடக்கின்றன. நான் அறிந்த பெண்களில் கருமுட்டை உறைய வைத்தவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் நகையை அடகு வைத்துத்தான் செய்தார்கள். புற்றுநோய் சிகிச்சை கொண்டுவரும் மலட்டுத்தன்மைக்கான செலவும் புற்றுநோய்ச் செலவுதான் என்று எழுதிக் கொடுக்க உங்களால்தான் முடியும்.

சிகிச்சை முடிந்து போகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. கர்ப்பப்பையோடு போகிறவளுக்கு, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், கர்ப்பமானால் எந்த மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். பிறக்கும் பிள்ளைக்கும் புற்று வருமா, ஊனமாகப் பிறக்குமா என்று அவள் ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள். கீமோ முடித்துப் போதிய இடைவெளி விட்டுக் கருத்தரித்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. என்னைப் போல் தீட்டு நின்று போனவளுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்க ஹார்மோன் மாத்திரை உண்டு என்பதை எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் ஒருவர் சொன்னார்.

எங்கள் கடை கம்ப்யூட்டரில் நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். எளிய தமிழில், பத்திரம் வாசிப்பது போல் உரக்க வாசித்துக் காட்டும்படி எழுதியிருக்கிறேன். இந்தச் சிகிச்சையில் எது போகும், எது மிஞ்சும், எதைக் காப்பாற்ற வழி இருக்கிறது, அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நான்கு பத்தி. நடுவில் அந்த மாட்டுத்தலைப் படமும் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து சேர்த்தேன். மருத்துவத்தில் பிழை இருக்கும். உங்களில் ஒருவர் திருத்தித் தந்தால் போதும், அச்சுக்கூலி என்னுடையது.

செவ்வாய்க்கிழமைகளில் பத்திரப் பதிவுக்கு அவ்வளவாக ஆள் வராது. எந்த மருத்துவமனை ஓபியிலாவது ஒரு நாற்காலி கொடுத்தீர்களானால், வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சிகிச்சையால் உயிரோடு இருக்கும் ஒரு பெண்
விழுப்புரம் மாவட்டம்